பக்கத்து நாற்காலிக்குப் போகும் வாசம்

— 2025 ஏப்ரல் ஒண்ணாந்தேதியில இருந்து பினாங்குல எந்தக் கடையிலயும் புகையிலை டின்னை வெளிய காட்டி வெக்கக்கூடாதுக்கா. எல்லாம் அலமாரிக்குள்ள போயிடுச்சு. என்ன வேணும்னு சொல்லுங்க, எடுத்துத் தாரேன்.

— எனக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி. நீர்தானே ஷேக் அலாவுதீன்?

— நாந்தான். நீங்க?

— அப்புத்துரையிட மனிசி, கமலாம்பிகை. பாயான் பாருவில இருந்து பஸ்ஸில வந்தனான்.

— அட, பேங்க் அண்ணே வீட்டு அக்காவா. உக்காருங்க லா. அண்ணே வரலியா?

— அவருக்குத் தெரியாது. பல்லு டாக்டரிட்டப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இனி அவர் வந்து கேட்டா, சரக்கு முடிஞ்சுது எண்டு சொல்லும்.

— ஏன்க்கா, என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க?

— தைப்பூசம் முடிஞ்ச கையோட அவருக்கு நெஞ்சில ஸ்டென்ட் வச்சது. புகையே ஆகாது எண்டு டாக்டர் சொன்னவர். பகல் முழுக்கத் தொடமாட்டார். பின்னேரம் மட்டும் பால்கனியில இருந்து அந்தப் பைப்பைப் பத்த வைப்பார். நான் சொல்லிக் கேட்கிற ஆளில்லை. அந்த ஆள் இருந்தாத்தானே உமக்கும் யாவாரம்?

— அதுவும் சரிதான். ஒண்ணு கேக்கட்டாக்கா? அண்ணே எதுக்கு இந்த வெண்ணிலா சரக்கை வாங்குறாருன்னு தெரியுமா?

— இனிப்பெண்டபடியா. தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போடுற மனிசன்.

— சத்தியமா இல்லக்கா. அவருக்கு இது பச்சத்தண்ணி மாதிரி. முன்னாடி நல்லாக் காரமான கறுப்புப் புகையிலைதான் வாங்குவாராம். கல்யாணம் ஆன வருஷம் மாத்திட்டாருன்னு எங்க வாப்பா சொல்வாங்க. இந்த மைல்டு சரக்கு நாக்கைக் கடிக்காது, சரி. ஆனா குடிக்கிறவருக்கு வாசம் அவ்வளவாத் தெரியாது. பக்கத்து நாற்காலிக்குத்தான் முழுசும் போகும், கேக் சுடுற வீடு மாதிரி.

— பக்கத்துக் கதிரையில நான்தானே இருக்கிறனான்.

— அதான் சொல்றேன். "பத்த வெச்சாத்தான் அவ வந்து உக்காருவா"ன்னு அண்ணே சொல்வாரு.

— அப்பிடியோ சொன்னவர்?

— இந்தாங்க, இந்த ஜாடிதான் அவரோடது. நல்லா மோந்து பாருங்க.

— ஓம் ஓம். இதுதான். நல்ல மணம்.

— அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அலமாரி இருட்டுல கை மாறிப்போச்சு. இது அந்தக் கறுப்புப் புகையிலை. மோந்தவங்க தும்மாம இருக்க மாட்டாங்க.

— எனக்கு மணம் தெரியாது தம்பி. கொரோனா வந்ததோட போனது, திரும்பி வரேல்ல.

— அண்ணேகிட்ட சொல்லலியா?

— ஒவ்வொரு நாளும் "மணம் எப்பிடி" எண்டு கேட்பார். நல்லாயிருக்கு எண்டு சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு.

— அப்ப இன்னைக்கே சொல்லிடுங்க. உங்களுக்குத் தெரியலன்னா அவரே விட்டுடுவாரு லா.

— விடுவார். விட்டுப்போட்டு அந்தக் கதிரையையும் மடிச்சு உள்ள வைப்பார். அந்த மனிசன் வேற எந்த நேரம் என்னோட சும்மா இருக்கிறவர்?

— அப்ப என்ன செய்யட்டும்?

— நீர் இல்லையெண்டே சொல்லும். கதிரை போனாப் போகட்டும். எனக்கு ஆள் இருந்தாப் போதும்.

\*

— வாங்க, அப்புத்துரை அண்ணே. ஒரு விஷயம்ணே, உங்க சரக்கு வந்து...

— முடிஞ்சுது எண்டு சொல்லச் சொன்னவவோ?

— யாரு?

— என்ர மனிசி. நேற்றுப் பல்லு டாக்டரிட்டப் போயிட்டு வந்தவவின்ர மூக்கு நுனியில கறுத்தப் புகையிலைத் தூள். மணம் தெரிஞ்ச ஆள் எண்டா வழியிலயே துடைச்சிருக்கும்.

— அப்ப அக்காவுக்கு வாசம் தெரியாதுன்னு உங்களுக்கு...

— கொரோனா காலத்திலயே தெரியும். ஒரு நாள் பால் அடிப்பிடிச்சு வீடு முழுக்கக் கருகல் நாத்தம். அவ அடுப்புக்குப் பக்கத்திலயே பேப்பர் வாசிச்சுக்கொண்டு நிண்டவ.

— தெரிஞ்சுமா குடிச்சீங்க? ஸ்டென்ட் வெச்ச நெஞ்சு லா அண்ணே.

— அவவைக் கூப்பிட எனக்கு வேற வழி தெரியேல்ல தம்பி. எங்கட பக்கம் மனிசியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "இஞ்சேரும்" எண்டா, "என்ன வேணும்" எண்டு அடுப்படிக்குள்ள இருந்தே கேட்பா. நெருப்புப்பெட்டிச் சத்தம் கேட்டா மட்டும் கையைத் துடைச்சுக்கொண்டு வந்து இருப்பா.

— சரி, இப்ப என்ன தரட்டும்?

— ஒண்டும் வேண்டாம். இந்தப் பைப்பை நீர் வச்சுக்கொள்ளும்.

— அப்ப சாயந்தரத்துக்கு?

— நேற்றுப் பின்னேரம் பத்த வைக்கேல்ல. "கமலா" எண்டு கூப்பிட்டன். வந்து இருந்தவ.