தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்

மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, கோவிலம்பாக்கத்தில் வீடுகள் கட்டி விற்கும் லோகநாதன் அவர்களே, கேட்டவுடன் இந்த மண்டபத்தை ஒதுக்கித் தந்த குடியிருப்போர் நலச் சங்கத்தாரே, முன்வரிசையில் இருக்கும் குமரவேல் அவர்களே, படப்பையிலிருந்து கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் பச்சையம்மா அவர்களே, தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிளஸ்ஸி அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ்ஸியை ஏன் பெயர் சொல்லி அழைத்தேன் என்று சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். காரணம் இருக்கிறது. இன்று நான் பேச வந்ததில் பாதி அவருக்காகத்தான்.

நம்மை விட்டுப் பிரிந்த கோகிலவாணி அம்மையார் ‘சுற்றுவட்டம்’ இணையதளத்தின் ஆசிரியர். பல்லாவரத்தில் தொடங்கிப் படப்பை வரை இந்தப் பக்கத்துச் செய்திகளும், இந்தப் பக்கத்துக் கடைக்காரர்களின் விளம்பரக் கட்டுரைகளும் அதில் வரும். தளத்துக்குச் சோறு போடுவது செய்தி அல்ல, விளம்பரம். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. நாளிதழில் நிருபராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் அங்கே சேர்ந்தேன். முதல் நாளே சொல்லிவிட்டார்: “வயசுல பெரியவர், சார்னுதான் கூப்பிடுவேன். ஆனா தலைப்பு நான்தான் போடுவேன்.” கடைசி வரை அப்படியேதான் நடந்தது.

கோகிலவாணி செய்த வேலை என்ன? தலைப்பு எழுதினார். அது பெரிய வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் கையில் இருக்கும் போனைப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை தலைப்புகளை விரலால் தள்ளிவிடுகிறீர்கள்? அவற்றில் எதற்காக நிற்கிறீர்கள்? அந்த ஓர் இடத்தில் உங்களை நிறுத்துவதற்குத்தான் உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். தாம்பரத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் கோகிலவாணி.

அவரைப் பற்றி இந்த நாட்களில் ஒரு தவறான புகழ்ச்சி பரவியிருக்கிறது. கவர்ச்சித் தலைப்புகளுக்கு அவர் எதிரி என்று. இல்லை. சீண்டுகிற தலைப்பு அவருக்கு மிகவும் பிடிக்கும். சப்பென்ற தலைப்பை நான் கொடுத்தால், “இது கல்யாண மண்டப போர்டு மாதிரி இருக்கு சார்” என்று திருப்பிக் கொடுப்பார். படிக்கிறவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பார். ஆனால் இழுத்த பிறகு என்ன ஆகிறது என்ற கேள்வியும் அவரிடம் இருந்தது. அந்தக் கேள்வியை அவருக்குக் கொடுத்தவர் இதோ இங்கே இருக்கும் பச்சையம்மா.

பச்சையம்மாவின் பிரியாணிக் கடை படப்பை கடைத்தெருவில் இருக்கிறது. சாப்பிட வந்த ஒருவர் தாலிச் சங்கிலியைத் தவறவிட்டுப் போனார். இலை எடுக்கும்போது அது பச்சையம்மாவின் கண்ணில் பட்டது. ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நல்ல கதை. கடைக்கு விளம்பரமாகவும் ஆகும் என்று கோகிலவாணி அதை எழுதினார். தலைப்பு இப்படி வைத்தார்: ‘படப்பை பிரியாணிக் கடை இலையில் கிடந்தது என்ன? அதிர்ந்துபோன வாடிக்கையாளர்’.

உள்ளே ஒரு வரி கூடப் பொய் இல்லை. தலைப்பிலும் பொய் இல்லை. தளம் அதுவரை பார்க்காத கூட்டம் அந்தக் கட்டுரைக்கு வந்தது. ஆனால் வந்தவர்களைவிட அதிகமானவர்கள் வராமல் போனார்கள். அவர்கள் தலைப்பை மட்டும் போனில் படம் பிடித்து, தங்கள் காலனி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். பல்லி என்றார் ஒருவர். எலி என்றார் இன்னொருவர். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் பார்சல் நின்றது. பிரியாணி அண்டாவிலேயே ஆறியது.

கோகிலவாணி மறுநாள் காலையில் கடைக்குப் போனார். நானும் உடன் இருந்தேன். பச்சையம்மா திட்டவில்லை. அண்டா மூடியைத் திறந்து காட்டிவிட்டுச் சொன்னார்:

“நீ எழுதனது பொய்யின்னு நான் சொல்லலமா. முழுசா படிச்சா நல்லாத்தான் கீது. எவன் முழுசா படிக்கிறான்? மேல மட்டும் பாத்துட்டு எதிர்க்கடைக்குப் போய்கினு கீறான்.”

கோகிலவாணி தலைப்பை மாற்றினார். ஆனால் பழைய படம் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைத் திரும்பப் பெற வழியில்லை. பிறகு அவர் செய்ததை இந்த ஊர் பார்த்தது. கணவரையும் அலுவலகத்தையும் கூட்டிக்கொண்டு போய், ரோட்டுக்குத் தெரிகிற முன்மேசையில் உட்கார்ந்து தினமும் மதியம் சாப்பிட்டார். கூட்டம் திரும்ப வரும் வரை சாப்பிட்டார். கணவர் குமரவேல் அவர்களுக்கு பிரியாணி அலுத்துப்போனது அப்போதுதான்.

அதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வந்தது. எந்தத் தலைப்பும் வெளியாகும் முன், அதற்கு உரியவருக்குப் போன் செய்து படித்துக் காட்ட வேண்டும். கட்டுரையை அல்ல. தலைப்பை மட்டும். பிறகு ஒரே கேள்வி: “இத மட்டும் படிச்சிட்டு ஒருத்தர் போயிட்டா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?”

கேட்கிறவர் யோசிப்பார். பாதிப் பேர் சரி என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் கோகிலவாணிக்குக் கோபம் வராது, சந்தோஷம் வரும். “வேணாம்னு சொல்றவங்கதான் சார் ஒழுங்கா காது கொடுத்துக் கேக்கறாங்க” என்பார். நண்பர்களே, இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி இதற்கு வருவேன்.

இந்தப் பழக்கத்தால் தொழில் நடந்ததா? நடந்தது, நடக்காமலும் போனது. இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

லோகநாதன் அவர்கள் தன் வீடுகளுக்கு விளம்பரம் கேட்டு வந்தார். ‘கோவிலம்பாக்கத்தில் இனி வீடே கிடைக்காதா? அதிர்ச்சித் தகவல்’ என்று போடச் சொன்னார். கோகிலவாணி, “அதிர்ச்சின்னு போட்டா வருவாங்கண்ணா. வந்து அதிரலன்னா மறுபடி வரமாட்டாங்க” என்றார். இடத்தைப் போய்ப் பார்த்தார். வெள்ளத்தின்போது தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டு, அதற்கு மேல்தான் தரைத்தளம் எழுப்பியிருந்தார்கள். ‘வெள்ளம் எதுவரை வந்தது என்று கோடு போட்டுக் காட்டும் பில்டர்’ என்று எழுதினார். படித்துக் காட்டினார்.

லோகநாதன் அவர்களின் அனுமதியோடு அவர் அன்று சொன்னதைச் சொல்கிறேன்: “இன்னாமா நீ, வூட்ட விக்கச் சொன்னா வெள்ளத்த வித்துகினு கீற!”

அவர் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் சரி என்றார். பக்கத்து மனைக்காரர் வேறு தளத்தில் போட்ட அதிர்ச்சித் தகவலை எங்களுடையதைவிடப் பல மடங்கு பேர் பார்த்தார்கள். எங்களுக்குக் குறைவானவர்களே வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் குடும்பத்தோடு வந்து, அந்தக் கோட்டின் பக்கத்தில் நின்று பார்த்து, வீட்டையும் வாங்கினார்கள்.

அதே மாதத்தில் ஒரு பயிற்சி மையம் எங்களை விட்டுப் போனது. இல்லாத ஒரு மாணவியை உருவாக்கி, அவள் கல்லூரி சீட்டை இழந்ததாக ஒரு தலைப்பு கேட்டார்கள். யாருக்குப் போன் செய்து படித்துக் காட்டுவது என்று கோகிலவாணி கேட்டார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். வேறு தளத்தில் அது வந்தது. நன்றாகவே ஓடியது. நேர்மையாக இருந்தால் எப்போதும் கூட்டம் வரும் என்று நான் இந்த மேடையில் சொன்னால், கோகிலவாணியே எழுந்து வந்து அந்த வரியை அடித்துவிடுவார்.

இனி அவர் மறைந்த நாளுக்கு வருகிறேன்.

செம்பாக்கத்தில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துபவர் பிளஸ்ஸி. மணப்பெண் அலங்காரத்தில் பெயரெடுத்தவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் புதிதாக ஃபேஷியல் செய்துகொண்டால் சிலருக்கு முகம் சிவந்துவிடும், பத்து நாள் முன்பே வந்துவிட வேண்டும் என்பது அவர் அறிவுரை. அதை வைத்து விளம்பரக் கட்டுரை தயாரானது. கோகிலவாணி வைத்த தலைப்பு: ‘கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் பார்லருக்கு வராதீர்கள்’. வழக்கம்போலப் போன் செய்து படித்துக் காட்டினார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். பேசி முடித்துப் போனை மேசையில் வைத்தார். கணினியில் ஏதோ ஒரு வரி தட்டினார். அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. காலையிலிருந்தே தோள் வலி இருந்ததாகவும், வாயு என்று விட்டுவிட்டதாகவும் பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை எங்கள் தளத்தில் செய்தி வந்தது. எழுதியவர் எங்கள் துணை ஆசிரியர் வெற்றிவேல். அழுதுகொண்டே எழுதினார். தலைப்பு: ‘ஆசிரியர் கோகிலவாணி மறைவு: அந்தக் கடைசிப் போன் அழைப்பில் பேசியது என்ன?’ கடைசி நிமிடம் வரை கடமையைச் செய்தார் என்று உள்ளே எழுதியிருந்தார். பழக்கத்தை மறக்கவில்லை. மருத்துவமனையில் நின்றிருந்த குமரவேல் அவர்களுக்குப் போன் செய்து தலைப்பைப் படித்துக் காட்டினார். குமரவேல் சரி என்றார். “அவ பேரு காதுல விழுந்துச்சு, சரின்னேன். வேற எதுவும் விழல சார்” என்று என்னிடம் சொன்னார்.

தலைப்புக்கு மேலே படம் வேண்டும் அல்லவா? கட்டுரையில் இருக்கும் முதல் படத்தைத் தளம் தானாக எடுத்துக்கொள்ளும். அவர் கடைசியாகப் பார்த்த வேலை இது என்று வெற்றிவேல் சேர்த்திருந்த பிளஸ்ஸியின் பார்லர் பெயர்ப்பலகைதான் முதல் படமாக இருந்தது. கீழே ‘கடைசிப் போன் அழைப்பு’. குழுக்களில் போனது அந்தப் படம்தான்.

அதன் பிறகு பிளஸ்ஸியின் போனில் என்னென்ன பேச்சு வந்தது என்பதை இங்கே முழுக்கச் சொல்ல மாட்டேன். என்ன சொல்லி அந்த அம்மாவைச் சாகடித்தாய் என்று முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். இந்த முகூர்த்தத்துக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். சாவில் பெயர் அடிபட்ட கை, கல்யாணப் பெண்ணைத் தொடக்கூடாதாம். ஒரு பெண் உழைத்து உண்டாக்கிய பெயர் இப்படிப் போனது, அதுவும் நாங்கள் போட்ட ஒரு வரியால்!

பிளஸ்ஸி அலுவலகத்துக்கு வந்தார். அவரும் திட்டவில்லை. “அக்கா இருந்திருந்தா என்னக் கேட்டிருப்பாங்க” என்று சொன்னார்.

வெற்றிவேல் அந்த நிமிடமே பதிவை நீக்கினார். உரியவருக்குப் போன் செய்தோம், சரிதான். ஆனால் உரியவர் யார்? செய்தி யாரைப் பற்றியதோ அவர் மட்டுமா? தலைப்பால் அடிபடப்போகிறவர் உரியவர் இல்லையா?

அன்று பிளஸ்ஸி இன்னொன்றும் சொன்னார். அதுதான் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. கோகிலவாணி தலைப்பைப் படித்துக் காட்டியபோது அவர் சரி என்று சொல்லவில்லை. “வராதீங்கன்னு இருக்கேக்கா, இத மட்டும் படிச்சிட்டுப் போயிட்டா? வேணாம்” என்று சொல்லியிருக்கிறார். தான் வேண்டாம் என்றதுதான் அக்காவின் மனதைப் பாதித்ததோ என்று அவருக்குச் சந்தேகம்.

பிளஸ்ஸி, இத்தனை பேர் முன்னால் உங்களுக்குச் சொல்கிறேன். அதற்கு அக்கா என்ன பதில் சொன்னார் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். “நல்லவேளை சொன்னம்மா, மாத்திடறேன்.” மாற்றியும் விட்டார். அவர் கணினியில் புதிய தலைப்பு இருந்தது: ‘முந்தின நாள் ஃபேஷியலா? வேண்டாம், பத்து நாள் முன்பே வாங்க’. வேண்டாம் என்று சொல்கிறவர்களை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சற்று முன்பு சொன்னேன். அவர் காதில் கடைசியாக விழுந்தது அப்படி ஒருவரின் குரல். அது அவரைக் கொல்லவில்லை. நோய் கொன்றது.

வெற்றிவேலின் தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம். அலங்காரம் பிளஸ்ஸிதான் என்று அவர் அம்மா முடிவு செய்துவிட்டார். படப்பையில் முன்மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது போலத்தான் இதுவும்.

அஞ்சலி என்றால் உறுதிமொழி எடுப்பது வழக்கம். எங்கள் உறுதிமொழி சிறியது. தலைப்பில் இருக்கிறவர், படத்தில் இருக்கிறவர், அடிபடக்கூடியவர், எல்லோருக்கும் போன் செய்வோம். படித்துக் காட்டுவோம். அந்தக் கேள்வியைக் கேட்போம்.

அதை இந்த மண்டபத்திலேயே தொடங்குகிறோம். நீக்கிய பதிவுக்குப் பதிலாக, தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் புதிய பதிவு தயாராக இருக்கிறது. வெற்றிவேல் அதைப் போனில் வைத்துக்கொண்டு அங்கே நிற்கிறார். தலைப்பு இது:

‘கோகிலவாணியின் கடைசித் தலைப்பைச் சரிசெய்து கொடுத்தவர் செம்பாக்கம் பிளஸ்ஸி’.

பிளஸ்ஸி, அவசரமில்லை. ‘கடைசி’ என்ற சொல் உறுத்தினால் எடுத்துவிடலாம். மொத்தமும் வேண்டாம் என்றாலும் சரி, உட்கார்ந்து வேறு எழுதுகிறோம். நீங்கள் சொல்லும் வரை வெற்றிவேல் அதை வெளியிட மாட்டார்.

இத மட்டும் படிச்சிட்டு ஒருத்தர் போயிட்டா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதேம்மா?