தோற்றதற்குப் பாயசம்

மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மூத்தவருக்குக் கொச்சங்காடியில் தோசைக்கடை. வார்டு கவுன்சிலர் தேர்தலில் நின்றிருக்கிறார்.

"நான் தோத்ததுக்குத் தெருவே பாயசம் வச்சுக் கொண்டாடுச்சுடி."

"ஓட்டுப் போட்ட அன்னைக்கே நான் பாலக்காடு போயிட்டேன். பாயசம் எதுக்குக்கா?"

"சேச்சி ஜெயிச்சுட்டா காலையில தோசை யார் சுடுவான்னு எல்லாருக்கும் பயமாம். மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க."

"அழுதீங்களா?"

"அழாம? கடையே திறக்கலை. மறுநாள் ஜெயிச்சவளே வந்து கதவைத் தட்டினா. சாயா குடிச்சுட்டு, 'சேச்சி, முதல்ல எதைச் சரி பண்ணலாம்?'னு கேட்டா. உடைஞ்ச சாக்கடை மூடியைக் காட்டினேன். அந்த வாரமே புதுசு போட்டாச்சு. இப்ப தினமும் வந்து தோசை தின்னுக்கிட்டே தெருக் குறையெல்லாம் கேக்குறா."

"அப்ப கவுன்சிலர் நீங்கதான்!"

"மீட்டிங்குக்கு மட்டும் அவ போறா."

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, திட்டக் கூடாது. நானும் அவளுக்குத்தான் போட்டேன்."

மூத்தவர் முறைத்தார். பிறகு வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"போடி, என் வீட்டுக்காரரே அவளுக்குத்தான் போட்டாரு."