இன்ஜின்தான் கெட்டிருக்கணும்

மெக்கானிக்: இன்னொரு தடவை சொல்லுங்க சார். எது கெட்டுப் போயிருக்கணும்?

சார்: இன்ஜின்.

மெக்கானிக்: ஆயில் பிரஷர் காட்டுற கேஜ் இல்ல?

சார்: இல்லம்மா. இன்ஜின்தான். அதான் நியாயம்.

மெக்கானிக்: பத்து வருஷமா டிராக்டர் பார்க்குறேன். எல்லாரும் கேஜ் போயிருக்கணும்னுதான் வேண்டிக்குவாங்க...

மனைவி: இவர் வேற ரகம்மா. கேஜ் கம்பெனியில முப்பது வருஷம் தரம் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஊசி பூஜ்யத்துல நிக்குதுன்னு நாலு நாளா வண்டியைத் தொட விடல. நாளைக்கு மழைங்கிறாங்க. உழாத நிலத்துல எங்க விதைக்கிறது, இவர் தலையிலயா?

சார்: ஊசி பொய் சொல்லாது.

மனைவி: போன மாசம் உடம்பு அனலா கொதிச்சுது. தெர்மாமீட்டர் நார்மல்னு காட்டுச்சாம். போய் பச்சத்தண்ணியில குளிச்சுட்டு வந்தார்.

சார்: அதை ஏன் இப்போ இழுக்கிற?

மெக்கானிக்: ஆயில் அளவு பார்த்தீங்களா சார்?

சார்: கம்பியை உருவிப் பார்த்தேன். சரியா இருக்கு. பதினோரு தடவை பார்த்தேன்.

மனைவி: என் நல்ல துண்டுல துடைச்சு.

மெக்கானிக்: இன்ஜின்ல டொக்கு டொக்குன்னு ஏதாவது...

சார்: இல்ல. நல்லா காது குடுத்தா... வரலாம்.

மெக்கானிக்: சரி, உங்க கேஜைக் கழட்டிட்டு என்னோடதை மாட்டுறேன். அக்கா, ஸ்டார்ட் பண்ணுங்க... ம், பாருங்க. நாப்பது. ஆடாம நிக்குது.

சார்: உங்க கேஜ் தப்பா இருக்கும்.

மெக்கானிக்: இன்னொண்ணு வச்சிருக்கேன்... இதுவும் நாப்பது.

சார்: ரெண்டும் கூட்டு சேர்ந்திருக்கும்.

மனைவி: கடவுளே!

சார்: பைப்பு அடைச்சிருந்தா?

மெக்கானிக்: அதே பைப்புலதான சார் என்னோடதையும் மாட்டினேன்? இன்ஜின் ராஜா மாதிரி இருக்கு. அந்தக் கேஜைக் குடுங்க, திறந்து பார்க்கலாம்.

சார்: இருங்க... நானே துடைச்சுத் தரேன்.

மனைவி: என்னங்க அது? பின்னாடி ஒட்டியிருந்ததைப் பிச்சு பாக்கெட்ல வைக்கிறீங்க?

சார்: குப்பை.

மனைவி: குப்பையைப் பாக்கெட்ல வைக்கிற ஆளா நீங்க?

மெக்கானிக்: இதோ... உள்ள பாருங்க. குழாயையும் ஊசியையும் சேர்க்கிற கம்பி கழண்டு கிடக்கு. அதுக்கு ஒரு குட்டி கொக்கி மாட்டணும். மாட்டவே இல்ல. பன்னண்டு வருஷம் ஓடினதே பெரிசு.

சார்: கொக்கி மாட்டாமயா வெளிய விட்டான்? எந்தக் கழுதை இதைப் பார்த்து சரின்னு...

மனைவி: ஏன் நிறுத்திட்டீங்க?

சார்: ...இந்தக் கழுதைதான். இந்தா, பாக்கெட்ல வச்சது. 'சோதித்தது, சரி.' கீழே என் கையெழுத்து.

மனைவி: அடப் பாவமே! அதான் இன்ஜின் மேல பழியா?

சார்: பின்ன? இன்ஜின் போனா வேற போட்டுக்கலாம். மானம் போனா எதைக் கழட்டி எதை மாட்டுறது? ஒண்ணு விடாம பார்த்துதான் கையெழுத்து போட்டேன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சேன். உன்கிட்டயே எத்தனை தடவை... மாசக் கடைசியில சிலதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல. வெட்கமா இருக்கு.

மனைவி: சரி விடுங்க. மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க, பார்க்கச் சகிக்கல.

மெக்கானிக்: சார்... அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் காட்டுங்க.

சார்: எதுக்கு? சட்டம் போட்டு உங்க ஷெட்ல மாட்டவா?

மெக்கானிக்: காட்டுங்க... ம். இது உங்க கையெழுத்து இல்ல.

சார்: என் கையெழுத்து எனக்குத் தெரியாதாம்மா?

மெக்கானிக்: கடைசி எழுத்துல உங்க வால் நேரா ஓடும் சார். இது சுழிஞ்சிருக்கு.

சார்: என் வால் உங்களுக்கு எப்படி...

மெக்கானிக்: ஷெட் போடுறதுக்கு முன்னாடி, உங்க கம்பெனியில ரெண்டு வருஷம் கொக்கி மாட்டுற பெஞ்சுல இருந்தேன். உங்க வாசலுக்கு வந்ததுமே உங்களைத் தெரிஞ்சுடுச்சு, வாயைத் திறக்கல. இந்தக் கேஜ் வெளிய போன அன்னைக்கு லாரி கிளம்ப அரை மணிதான் இருந்துச்சு, நீங்க மேஜையிலயே குறட்டை விட்டுட்டு இருந்தீங்க. எழுப்ப பயம்... கொக்கி மாட்டாம விட்டதும் நான்தான் சார், உங்க கையெழுத்தைப் போட்டதும் நான்தான்.