பதினொரு விநாடி

என் கடைக்குப் பாட்டு ஏற்ற வருகிறவர்களுக்கு, கேட்டதைவிட இரண்டு பாட்டு கூடுதலாகவே ஏற்றிக் கொடுப்பேன். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. பெரிய உதவிகள் செய்யும் வசதியைக் கர்த்தர் எனக்குத் தரவில்லை, சார். சின்ன உதவிகளில் நான் குறை வைத்ததில்லை.

வாக்குமூலத்தை உட்கார்ந்து சொல்லச் சொன்னீர்கள். முயற்சி செய்கிறேன். ஏழெட்டு மாதமாக ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நடுவில் எழுந்து நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள். அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு சத்தம் இருந்தால் எனக்குப் பேச வருகிறது.

பெயர் தேவமணி. நாரணாபுரம் சாலையில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், கண்ணாடி ஒட்டுவது, சின்ன ரிப்பேர். பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்களும் மைக்செட்காரர்களும் இன்றைக்கும் மெமரி கார்டோடு வந்து பாட்டு ஏற்றிப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவை ஒலிப்பதிவு செய்வதும் நான்தான். அந்தக் குழுவில் பாடுகிறவர் பால்துரை. பட்டாசு ஆலையில் போர்மேன். என் தங்கை ஹெப்சிபாவின் கணவர். இரண்டு பெண்கள் அவர்களுக்கு. மூத்தவள் நர்சிங் படிக்கிறாள்.

அய்யப்பன் அதே ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை செய்தவன். ஆனைக்குட்டத்துக்காரன். ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குச் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவான். ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அண்ணாச்சி, ஏம் பாட்டு மைக்செட்டுல வரணும். இதுல பிடிச்சா தகர டப்பாக்குள்ள ஒக்காந்து படிச்ச மாதிரி இருக்கு.”

“நீ படிக்கிறதே அப்படித்தாம்லே இருக்கும்” என்றேன்.

“அப்ப டப்பாவ மாத்துங்க அண்ணாச்சி, ஆள மாத்த முடியாதுல்லா” என்று சிரித்தான்.

ஒலியைச் சுருக்காமல் அப்படியே பதிகிற செயலி ஒன்றை அவன் போனில் இறக்கிக் கொடுத்தேன். அதற்கும் காசு வாங்கவில்லை. இப்போது யோசித்தால், நான் அந்த உதவியைச் செய்யாமல் இருந்திருந்தால் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

சுருக்குவது என்றால் என்ன என்று கேட்டீர்கள். மைக் ஒரு விநாடிக்கு நாற்பத்து நாலாயிரம் தடவைக்கு மேல் ஒலியை அளந்து எண்ணாக எழுதுகிறது. எல்லா எண்ணையும் வைத்துக்கொண்டால் ஒரு நிமிடப் பாட்டுக்குப் பத்து எம்பி ஆகும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சிரமம்; பழைய போன்களில் இடம் காணாது. எம்பி3 ஆக மாற்றினால் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். எப்படி என்றால், பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் மனிதக் காது எதைக் கவனிக்காது என்று அது கணக்குப் போடுகிறது. சரவெடி வெடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் கைக்கடிகாரம் ஓடுவது கேட்குமா? கேட்காது. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மூடிவிடும். கேட்காததை எதற்குச் சேர்த்து வைப்பது என்று அந்த எண்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. போட்டது போட்டதுதான், திரும்ப வராது. கேட்கிறவருக்கோ ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. மனிதரின் பலவீனத்தை அறிந்து செய்த ஏற்பாடு அது. தேவையில்லாத பாரத்தைச் சுமக்க வைக்காமல் இருப்பதும் ஒரு கருணைதான் என்று நினைத்தேன்.

சம்பவத்துக்கு வருகிறேன். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. போனைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, வாசலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பதினொரு மணி டீ நேரத்தில் அய்யப்பன் மரத்தடியில் நின்று தன் பாட்டைப் பதிந்திருக்கிறான். பன்னிரண்டு மணிக்குக் கலவை அறை வெடித்தது. அவனும் இன்னும் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். அய்யப்பன் சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில், யாரும் சொல்லாமல், வெயிலில் கலக்கினான் என்று ஆலையில் எழுதிக் கொடுத்தார்கள். போர்மேன் என்ற முறையில் பால்துரையும் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் அவன் மனைவி பானுப்பிரியா கடைக்கு வந்தாள். வேப்பமரத்துப் பையிலிருந்து எடுத்த போன் அவள் கையில் இருந்தது.

“பதினாறாம் நாளு கருமாதி அண்ணாச்சி. அவுக பாட்ட மைக்செட்டுல போடணும். மாமா போன்லயும் ஏத்தணும். அது பட்டன் போனு. இந்தப் பாட்டு அதுல ஏற மாட்டேங்கு.”

“நீ முழுசாக் கேட்டியாம்மா?”

“எங்கன கேக்க? மொத அடி வரும்போதே நிறுத்திருவேன்.” போனை முந்தானையில் துடைத்தாள். பிறகு, “மாடத்தி சித்தி குழாயடியில ஏங் குடத்த எத்திவிடுறாக அண்ணாச்சி. ஒம் புருசன் அவசரத்துக்கு எம் மகனப் பலி குடுத்துட்டான்னு தெருவே கேக்கச் சொல்றாக. அவுகளா அவசரப்படுற ஆளு? சட்டைக்குப் பித்தான் போட அரை மணி நேரம் ஆக்குவாகளே. அவுக தப்புப் பண்ணலன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். நாந் தெருவுல நடந்துக்கிடுவேன்.”

அவளை உட்கார வைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கையில், நான் உள்ளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை முழுதாகக் கேட்டேன்.

நன்றாகப் பாடியிருந்தான். முதல் அடி முடிந்தது. ஒரு மூச்சு வாங்கி, ‘ம்’ என்று செருமினான். அந்த இடைவெளியில், தூரத்திலிருந்து, ஆலை வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“ஏலே அய்யப்பா, கச்சேரிய முடி. உள்ள போயி மிச்ச மருந்தையும் கலந்துரு.”

“மணி பதினொன்னாச்சு சார். ரூமு கொதிக்கு.”

“கொதிச்சாக் கொதிக்கட்டும். சாயந்தரம் லோடு ஏறணும். நாஞ் சொல்லுதேன்ல, போலே.”

பிறகு அய்யப்பன் இரண்டாம் அடியைப் பாடத் தொடங்கிவிட்டான். பாட்டைப் பாதியில் விடுகிறவன் இல்லை அவன்.

அது யார் குரல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வருடமாக ஞாயிறுதோறும் நான் பதிவு செய்கிற குரல்.

கொஞ்சம் எழுந்துகொள்கிறேன், சார்.

அய்யப்பனுக்கு இனி நல்லது கெட்டது கிடையாது. ஹெப்சிபாவுக்கு இருக்கிறது. இரண்டு பெண் பிள்ளைகள். பால்துரை கெட்டவர் அல்ல. சபையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவர். வாய் தவறி ஒரு நாள் சொன்ன சொல். பானுப்பிரியாவையும் நினைத்தேன். கணவனைச் சாவுக்கு அனுப்பிய குரல் கருமாதிப் பந்தலில் மைக்செட்டில் ஒலித்தால் அந்தப் பெண் தாங்குவாளா? கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தேன். மனம் தெளிவாக இருந்தது.

பட்டன் போனுக்காக, இருப்பதிலேயே குறைந்த அளவில் சுருக்கினேன். நாற்பது எம்பி பாட்டு ஒரு எம்பிக்கு வந்துவிட்டது. அப்படிச் சுருக்கும்போது அந்தப் பேச்சு தானாகப் போய்விட்டது என்றுதான் முதலில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். எதை வைப்பது, எதை விடுவது என்று இயந்திரம்தானே முடிவு செய்கிறது என்றும் எழுதினேன்.

பேச்சு அப்படிப் போகாது என்று உங்கள் நிபுணர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது சரி. பெரிய சத்தத்துக்குள் இருந்தால்தான் சின்னச் சத்தம் மூடப்படும். இது பாட்டு நின்ற இடத்தில் இருந்தது. மூடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரு எம்பிக்குக் குறைத்த பிறகும் கேட்டுப் பார்த்தேன். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ‘நாஞ் சொல்லுதேன்ல’ என்பது நன்றாகவே புரிந்தது.

ஆகவே நானே வெட்டினேன். முதல் அடியின் முடிவிலிருந்து இரண்டாம் அடியின் தொடக்கம் வரை. பதினொரு விநாடி. இரண்டு முனையையும் ஒட்டி, ஒட்டு தெரியாதபடி சரிசெய்தேன். வேலையில் நான் சுத்தக்காரன்.

அவளிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். எப்படியோ தைரியம் வரவழைத்துக்கொண்டு முழுதாகக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, இந்த எடத்துல ஒரு மூச்சு வாங்குவாக. வாங்கி, செருமுவாக. வீட்டுல எப்பப் படிச்சாலும் அப்படித்தான். இதுல மூச்சே இல்லையே?”

“சுருக்கும்போது அப்படித்தாம்மா. சின்னச் சத்தமெல்லாம் போயிரும்.”

“அப்படியா” என்றாள். “மூச்சு சின்னச் சத்தமா அண்ணாச்சி?” என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டாள்.

போனின் மெமரி கார்டில் இருந்த பழைய பதிவை அழித்தேன். அழித்தாலும் கார்டில் அது கிடக்கும். மேலே வேறு எதையாவது எழுதும்வரை மீட்டுவிடலாம். அதனால் அந்தக் கார்டு நிறைய, ஒரு எம்பிகூட இடம் இல்லாமல், பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். அம்மன் பாட்டு, தாலாட்டு, பழைய பாட்டு என்று ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எதற்கும் காசு வாங்கவில்லை. “நீங்க நல்லா இருப்பீக அண்ணாச்சி” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று முதல்தான் இந்த நிலைகொள்ளாமை. கடையில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் இரண்டு விநாடி வருமே, அது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாப் பாட்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்தேன். சபையில் போதகர் ஜெபத்துக்கு நடுவே மௌனமாக நின்றால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. ஊரில் யாரும் அவளைக் களையெடுக்கும் காட்டு வேலைக்கும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆலை திறந்ததும் பால்துரையிடம் போனேன்.

“மச்சான், அந்தப் பிள்ளைக்கு ஒரு வேல போட்டுக் குடுங்க.”

“அய்யப்பன் பொண்டாட்டிக்கா? ஆபீஸ்ல வேண்டாம்பாக.”

“நீங்க சொன்னாக் கேப்பாக.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மறுநாளே வேலை கொடுத்தார்.

மீதி உங்களுக்குத் தெரியும். தீபாவளி சீசன். பகல் பதினொன்றரைக்கு மருந்து கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று இந்த முறை எந்தப் போனிலும் பதிவாகவில்லை. கலவை அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தவள் பானுப்பிரியா. வெடித்ததில் போனவர்கள் மொத்தம் ஏழு பேர். மாடத்தியின் மருமகளும் ஒருத்தி. அந்தப் பதிவு என் கைக்கு வந்தபடியே முழுதாக அவளுக்குப் போயிருந்தால் பால்துரை அன்றைக்கு ஆலையில் இருந்திருக்க மாட்டார் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். எட்டு மாதம் முன்பு எதிர்காலம் எனக்கு எப்படித் தெரியும்?

கார்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த அவள் மாமனார் சீனிச்சாமி, வேலைக்குப் போன கடைசி நாள்வரை அவள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள் என்று சொன்னாராம். மூச்சு எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதிவை வெட்டியது நான், அழித்தது நான், அவளை அந்த ஆலைக்கு அனுப்பியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பேச்சுக்கு முன்னால் அவன் வாங்கிய அந்த மூச்சை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கலாம், ஒரு விநாடிதான் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் நான் அவளிடம் கொஞ்சம் அன்பில்லாமல் நடந்துகொண்டேன், சார்.