என் வாயால சொன்னது

இல்ல அண்ணி, லீவெல்லாம் இல்ல. வேலைய பாதியில விட்டுட்டு வந்துட்டேன். காப்பி அப்புறம் போடலாம், உக்காருங்க. காணாமப் போன அண்ணனப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதான்னு வாசல்லயே கேப்பீங்களே, இன்னிக்குக் கொஞ்சம் பொறுங்க. மொதல்ல என் வேலையப் பத்திச் சொல்லணும்.

கிளிப்பிள்ளை வேலைன்னு கிண்டல் பண்ணுவீங்கல்ல? கிளி எவ்வளவோ தேவலாம். கோர்ட்டுல ஒரு கண்ணாடி ரூம்பு, காதுல ஹெட்போன். கூண்டுல நிக்கறவன் நம்ம பாஷையில பேசப் பேச, கூடவே நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே போகணும். வார்த்தையப் புடிச்சுத் தொங்கினா கவுந்துடுவோம். என்ன சொல்ல வர்றான்ங்கறத மட்டும் புடிச்சுக்கணும். சொன்னதும் அதையும் விட்டுடணும், அடுத்தது வந்து நிக்கும்ல. சாயங்காலம் என்ன பேசினேன்னு கேட்டா எனக்கே தெரியாது.

ஆமா, அவன் நான்னு சொன்னா நானும் நான்னுதான் சொல்லணும். கொலைகாரனா இருந்தாலும். அதான் சட்டம் எங்களுக்கு.

பேரு வந்தா மட்டும் லேசு. பேருக்கு அர்த்தம் தேட வேண்டாம் பாருங்க, காதுல விழுந்தபடியே வாயில வந்துடும்.

நேத்து ஒரு பழைய சிப்பாய். போர்ல தான் சுட்டவங்களப் பத்தி ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டு வந்தான். எனக்கு ஒரு எடத்துலகூடத் தடுக்கல. என்கூட மாத்தி மாத்திப் பேசறவ ல்யூபிட்சா, பக்கத்துல உக்காந்திருந்தவ, திடீர்னு என் கையப் புடிச்சு அழுத்தினா. நல்லாப் பண்றேன்னு பாராட்டறான்னு நெனச்சுட்டேன். அவளப் பாத்துச் சிரிச்சேன் அண்ணி. பல்லக் காட்டிச் சிரிச்சேன். வெளிய வந்ததும் அவ அழுதா. எதுக்குடி அழுவுறேன்னு நான் கேக்கறேன், நான்! அசிங்கமா இருக்கு, உங்க மூஞ்சியப் பாக்க முடியல.

எந்திரிக்காதீங்க. ஆமா. அண்ணன் பேரத்தான், ஜெவாத் காரிச்னு சொன்னானாம், ல்யூபிட்சா சொல்லித்தான் எனக்கே தெரியும். ஸ்கூல் வாத்தியாரு, மூக்குக்கண்ணாடி போட்டவருன்னு. நான்தான் அவரச் சுட்டேன்னு மைக்குல சொல்லியிருக்கேன், என் குரல்ல, கொஞ்சங்கூட நடுங்காம.

எங்க பொதைச்சானா? சொன்னான் அண்ணி. பாதை, மரம், எல்லாம் விவரமா. நானும் விவரமாத்தான் சொல்லியிருக்கணும், ஜட்ஜு தலையாட்டி எழுதிக்கிட்டாரு. எந்த எடம்னு எனக்கு ஞாபகம் இல்ல. ல்யூபிட்சாவுக்குத் தெரியும். அவகிட்டக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. இந்தாங்க போன், நீங்க கேளுங்க.