வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கை

பெலாஜியா: அசையாதீங்க! அப்படியே இருங்க. கையை மட்டும் இழுக்காதீங்க.

தெயோஃபில்: இழுக்க முடிஞ்சா இழுத்திருக்க மாட்டேனா, பானி பெலாஜியா?

பெலாஜியா: அட, ஆர்கன்காரரா! இந்த நிலைமையிலயும் மரியாதையா 'பானி'ன்னு கூப்பிடறீங்களே! ஏதோ மரநாய் வேலியில மாட்டிக்கிச்சுன்னு ஓடி வந்தேன்.

தெயோஃபில்: இறைவன் அருளால் இனிய காலை.

பெலாஜியா: ரொம்ப இனிய காலைதான். உங்க வலது கை என் தோட்டத்துல இருக்கு. மிச்ச ஆள் உங்க தோட்டத்துல மண்டி போட்டிருக்கார். என்ன, ஜெபமா?

தெயோஃபில்: ஒரு விதத்தில்...

பெலாஜியா: கத்தரிக்கோலோடயா?

தெயோஃபில்: கோட்டுக் கை கம்பியில மாட்டிக்கிச்சு. முதல்ல அதை எடுத்து விட்டீங்கன்னா, உக்காந்து நிதானமா...

பெலாஜியா: ஐயய்யோ, இது ஞாயித்துக்கிழமைக் கோட்டு இல்லையா? சனிக்கிழமை திருடறதுக்கு ஞாயித்துக்கிழமைக் கோட்டு எதுக்கு?

தெயோஃபில்: திருட்டுன்னு சொல்றது கொஞ்சம் பெரிய வார்த்தை.

பெலாஜியா: விரலை விரிங்க. விரிங்கன்னா... இது என்ன?

தெயோஃபில்: ஒரு குச்சி.

பெலாஜியா: எந்தச் செடிக் குச்சி?

தெயோஃபில்: உலகத்தில் எத்தனையோ செடிகள்...

பெலாஜியா: உங்க விரலை நீங்களே முகர்ந்து பாருங்க. ஓ, முடியாது இல்ல? கை என்கிட்ட இருக்கே! சரி, நான் முகர்ந்து சொல்றேன். பிளாக்கரண்ட் பழச்செடி. தெரு முனை வரைக்கும் வாசம் அடிக்குது. இந்தச் செடியைத் தொட்டவன் பாவசங்கீர்த்தனக் கூண்டுல போய்ப் பொய் சொல்ல முடியாது.

தெயோஃபில்: ஒப்புக்கொள்கிறேன். உங்க பிளாக்கரண்ட்தான்.

பெலாஜியா: கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? முந்தின வருஷம் குடுத்தேன். போன வருஷம் குடுத்தேன்.

தெயோஃபில்: அதுதானே சிக்கல். கேட்டு வாங்கின குச்சி வேர் பிடிக்காது. திருடின குச்சிதான் பிடிக்கும். நம்ம க்ராஷ்னிக் ஊர்ல இது தெரியாத ஆள் உண்டா?

பெலாஜியா: முந்தின வருஷக் குச்சி செத்ததுக்கு நீங்கதான் காரணம். குடுத்த உடனே வாயைத் திறந்து 'நன்றி'ன்னீங்க. நான் தலையில அடிச்சிக்கிட்டேன்!

தெயோஃபில்: பழக்க தோஷம். நாற்பது வருஷம் கோயில் ஆர்கன் வாசிச்ச ஆள். நன்றி நன்றின்னு பாடியே பழகின வாய்.

பெலாஜியா: செடி குடுத்தவங்களுக்கு நன்றி சொன்னா செடி சாகும்னு தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தெயோஃபில்: அதனாலதான் போன வருஷம் வாயை இறுக மூடிக்கிட்டேன்.

பெலாஜியா: வாயை மூடினீங்க. ஆனா என் கையைப் பிடிச்சு முத்தம் வெச்சீங்க!

தெயோஃபில்: அது மரியாதை. எங்க அப்பா சொல்லிக் குடுத்த மரியாதை.

பெலாஜியா: செடி அதை நன்றின்னு எடுத்துக்கிச்சு.

தெயோஃபில்: செடிக்குக் கண் இருக்கா?

பெலாஜியா: உங்க மீசை குத்தினது எனக்கு மூணு நாள் தெரிஞ்சுது. குச்சி அதே கையிலதானே இருந்துச்சு? அதுக்குத் தெரியாதா?

தெயோஃபில்: மூணு நாளா?

பெலாஜியா: பேச்சை மாத்தாதீங்க... சிரிக்காதீங்க, கம்பி ஆடுது, கோட்டு கிழியும். குச்சியைக் காட்டுங்க. ஐயே! இதையா வெட்டினீங்க?

தெயோஃபில்: ஏன்?

பெலாஜியா: இது கிழட்டுக் கிளை. நாலு வருஷம் ஆச்சு. பட்டை கறுத்துப் போச்சு பாருங்க. இதை எப்படியும் நானே அடியோட வெட்டி எறியப் போறேன். இந்த வருஷம் வளர்ந்ததை வெட்டணும். பட்டை வெளுப்பா, பென்சில் கனத்துல... உங்க முழங்கைக்குப் பக்கத்துலயே நிக்குதே! திருடத் தெரியாதவருக்கு எதுக்கு இந்த வேலை?

தெயோஃபில்: அப்படின்னா இப்ப அதை வெட்டட்டுமா?

பெலாஜியா: வெட்டுங்க. நான் பார்க்கலை. திரும்பி நின்னுக்கறேன்.

தெயோஃபில்: நீங்க தெரிஞ்சே திரும்பி நின்னா அது திருட்டு இல்ல, கொடை. கொடைன்னா மறுபடியும் வேர் பிடிக்காது.

பெலாஜியா: அப்ப நான் கத்தட்டுமா? "திருடன், திருடன்"னு?

தெயோஃபில்: கொஞ்சம் மெதுவா கத்தினா நல்லா இருக்கும்.

பெலாஜியா: திருடன்... திருடன்... போதுமா? ஐயோ, வயிறு வலிக்குது. சிரிச்சு சிரிச்சு கையில இருந்த காப்பியைக் கொட்டிட்டேன் பாருங்க, செடி மேலயே.

தெயோஃபில்: பாவம், சின்னச் செடி. நனைஞ்சிடுச்சு.

பெலாஜியா: சின்னதுன்னு இளப்பமா சொல்லாதீங்க. எனக்கு இருக்கிறதே ரெண்டு படுக்கை விரிப்பு அகலத்துக்கு ஒரு தோட்டம். அதுல பெருஞ்செடி வெச்சா நான் எங்க நிக்கிறது? இது இடுப்புக்கு மேல வளராது. போன ஜூலையில மூணு வாளி காய்ச்சுது.

தெயோஃபில்: அறிவேன். அளவில் குறுகி, அருளில் பெருகி, அடிமுதல் நுனிவரை கருமணி சூடி நிற்பது. நிலத்தில் பிடித்த இடமோ ஒரு சாண். நெஞ்சில் பிடித்த இடமோ...

பெலாஜியா: நெஞ்சிலயா? மறுபடியும் கோயில் பாஷையா? உங்களுக்குப் பதற்றம் வந்தாலே வாயில சங்கீதம் வந்துடுது. மனுஷ பாஷையில சொல்லுங்க. குச்சி எதுக்கு?

தெயோஃபில்: வெள்ளரிக்கா ஊறப்போட. ஜாடிக்குள்ள பிளாக்கரண்ட் இலை போட்டாத்தானே காய் மொறுமொறுன்னு இருக்கும்.

பெலாஜியா: அக்டோபர் மாசத்துலயா? வெள்ளரிக்கா சீசன் முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு. செடியில இலையே இல்ல.

தெயோஃபில்: இருமலுக்கு. பழச்சாறு காய்ச்சி வெச்சா...

பெலாஜியா: நீங்க இருமி நான் கேட்டதில்ல. பத்தொன்பது வருஷமா ஒரே வேலி.

தெயோஃபில்: இப்ப இருமட்டுமா?

பெலாஜியா: அதை விடுங்க. வியாழக்கிழமை என்ன ஆச்சு உங்களுக்கு?

தெயோஃபில்: வியாழக்கிழமையா? ஒண்ணும் ஆகலையே.

பெலாஜியா: ஜெபமாலை முடிஞ்சதும் மாதா பாட்டு வாசிக்க வேண்டிய இடத்துல கிறிஸ்துமஸ் தாலாட்டு வாசிச்சீங்க! அக்டோபர்ல! பாதிரியார் பீடத்துலேருந்து திரும்பி ஆர்கன் மாடியைப் பார்த்தார். பாதி சனம் பழக்கத்துல பாடவே ஆரம்பிச்சிடுச்சு.

தெயோஃபில்: விரல் வழுக்கிடுச்சு.

பெலாஜியா: மூணு சரணம் வழுக்குமா?

தெயோஃபில்: நாலு. கடைசிச் சரணத்துலதான் எனக்கே தெரிஞ்சுது.

பெலாஜியா: நாற்பது வருஷத்துல ஒரு சுரம் தப்பாத மனுஷன்.

தெயோஃபில்: புதன்கிழமை நீங்க பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தீங்க. பாடகர் குழுப் பெட்டி மேல வெச்சிட்டு ஒரு வார்த்தை பேசாமப் போனீங்க. அப்புறம்தான் பேக்கரியில சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை உங்க மக வண்டியோட வர்றா. கடலோரத்து க்டீனியா ஊருக்குக் கூட்டிட்டுப் போறா. திரும்பி வரப் போறதில்ல.

பெலாஜியா: பேக்கரியில ரொட்டியும் விக்கிறாங்களா, சேதி மட்டும்தானா?

தெயோஃபில்: பொய்யா அது?

பெலாஜியா: என் மக கிங்கா வர்றது நிஜம். அவ வீடு எட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தா கடல். எனக்குன்னு தனி அறை போட்டிருக்கா.

தெயோஃபில்: தோட்டம்?

பெலாஜியா: பால்கனி இருக்கு. செடி சின்னதுதானே, தோண்டித் தொட்டியில வெச்சு எடுத்துட்டுப் போயிடலாம். அதுக்குத்தானே இந்த மாதிரி குள்ளச் செடி.

தெயோஃபில்: தொட்டியிலயா! எட்டாவது மாடியிலயா! கடல் காத்து தெரியுமா உங்களுக்கு? உப்புக் காத்து. கொளுத்திடும்.

பெலாஜியா: செடியையா?

தெயோஃபில்: செடியைத்தான். பிப்ரவரியில பனியில நின்னு பூவாளியில வெந்நீர் ஊத்திக் குளிப்பாட்டுவீங்களே, மொட்டுல பூச்சி உக்காராம... எட்டாவது மாடியிலேருந்து ஊத்தினா ஏழாவது மாடிக்காரன் சும்மா இருப்பானா?

பெலாஜியா: குடை பிடிக்கச் சொல்றேன்.

தெயோஃபில்: விளையாட்டு இல்ல, பானி பெலாஜியா. இத்தனை வருஷம் ஒரே மண்ணுல நின்னது. வேர் எங்க வரைக்கும் ஓடியிருக்குன்னு அதுக்கே தெரியாது. தோண்டி எடுத்தா பாதி வேர் இங்கயே நின்னுடும். அங்க போய் வாடும். யாரோடயும் பேச... 

பெலாஜியா: செடிக்குப் பேச ஆள் வேணுமா? செடியைத்தானே சொல்றீங்க?

தெயோஃபில்: செடியைத்தான்.

பெலாஜியா: சரி. அப்ப உங்க கொட்டகைக்குப் பின்னாடி, கவுத்துப் போட்ட ரெண்டு பெட்டிக்கு மறைவுல என்ன இருக்கு?

தெயோஃபில்: எங்க?

பெலாஜியா: என் மாடிப்படி ஜன்னல்லேருந்து எல்லாம் தெரியும். ஒண்ணு முழங்கால் உசரம். ஒண்ணு அதுக்கும் கொஞ்சம் மேல.

தெயோஃபில்: களை.

பெலாஜியா: களைக்கு வைக்கோல் போட்டு மூடுவீங்களா? போன ஞாயிறு பூசைக்கு முன்னாடி அதுக்கு முன்னால குனிஞ்சு நின்னு ஏதோ முணுமுணுத்தீங்களே, களைகிட்டயா?

தெயோஃபில்: ... ரெண்டும் பிழைச்சுக்கிச்சு.

பெலாஜியா: என்னது?

தெயோஃபில்: முந்தின வருஷக் குச்சியும் போன வருஷக் குச்சியும். ரெண்டுமே வேர் பிடிச்சிடுச்சு. நன்றி சொல்லியும் பிடிச்சுது, முத்தம் வெச்சும் பிடிச்சுது.

பெலாஜியா: செத்துப் போச்சுன்னு தொப்பியைக் கழட்டிக்கிட்டு வந்து சொன்னீங்களே! நான்கூட வருத்தப்பட்டு உங்களுக்குக் கேக் குடுத்தேன்!

தெயோஃபில்: பிழைச்சிடுச்சுன்னு சொன்னா அடுத்த வருஷம் எதைக் கேட்டுக்கிட்டு வர்றது?

பெலாஜியா: அடப் பாவி மனுஷா!

தெயோஃபில்: பாவிதான்.

பெலாஜியா: சரி, ரெண்டு உயிரோட நிக்கும்போது இன்னிக்கு மூணாவது எதுக்கு? அதுவும் இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு?

தெயோஃபில்: நேத்து சாயங்காலம் பார்த்தேன். வேலியில ஓட்டை. அடைந்த வேலி அடியேனுக்காகத் திறந்தது. ஆண்டவன் காட்டிய வழியில் அஞ்சாமல் கை நீட்டினேன்.

பெலாஜியா: முள்ளெலி போட்ட ஓட்டையா இருக்கும்.

தெயோஃபில்: முள்ளெலி இரும்புக் கம்பியைக் கடிக்குமா?

பெலாஜியா: நம்ம ஊர் முள்ளெலிக்குப் பல்லு கெட்டி. இன்னும் நீங்க பதில் சொல்லலை. மூணாவது குச்சி எதுக்கு?

தெயோஃபில்: குச்சிக்காக இல்ல.

பெலாஜியா: பின்ன?

தெயோஃபில்: ஒன்பது மணிக்கு நீங்க ஜன்னலோரம் காப்பி குடிப்பீங்க. அங்கேருந்து நேராப் பார்த்தா செடி. எட்டே முக்காலுக்கே வந்து மண்டி போட்டுட்டேன்.

பெலாஜியா: மாட்டிக்கறதுக்காகவே வந்தீங்களா?

தெயோஃபில்: மாட்டிக்கிட்டா ஏன் வந்தேன்னு கேட்பீங்க. கேட்டா சொல்லலாம்னு... கம்பியில மாட்டுவேன்னு மட்டும் நினைக்கலை.

பெலாஜியா: இப்ப கேட்டுட்டேனே. சொல்லுங்க.

தெயோஃபில்: விண்ணும் மண்ணும் சாட்சியாக, வேரும் தளிரும் விளங்கு...

பெலாஜியா: ஊஹூம்! கோயில் பாஷை வேண்டாம். இந்தக் குச்சியை இன்னிக்கு நட்டா எப்பத் துளிர்க்கும்?

தெயோஃபில்: ஏப்ரல்ல.

பெலாஜியா: நல்லாக் காய்க்க?

தெயோஃபில்: மூணு வருஷம்.

பெலாஜியா: மூணு வருஷம் கழிச்சு, ஜூலையில, வாளியை எடுத்துக்கிட்டு யார் வந்து பறிக்கிறது?

தெயோஃபில்: ... போகாதே.

பெலாஜியா: என்ன சொன்னீங்க?

தெயோஃபில்: போகாதே, பெலாஜியா.

பெலாஜியா: பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை... அந்த 'பானி' எங்க போச்சு?

தெயோஃபில்: கம்பியில மாட்டிக்கிச்சு போல. தப்புன்னா சொல்லிடுங்க, திரும்பப் போட்டுக்கறேன்.

பெலாஜியா: வேண்டாம். அங்கயே கிடக்கட்டும்... கையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. நூல் கொக்கியில சுத்தியிருக்கு. அவசரப்படாதே... இதோ, வந்துடுச்சு.

தெயோஃபில்: கை வந்துடுச்சு. பதில்?

பெலாஜியா: சரி.

தெயோஃபில்: எதுக்குச் சரி?

பெலாஜியா: போகலை. சரியா? கன்னம் என்ன இப்படிச் சிவக்குது, சின்னப் பையன் மாதிரி...

தெயோஃபில்: பெலாஜியா... நன்...

பெலாஜியா: உஷ்! வாயைத் திறக்காதே! நன்றி கின்றின்னு சொன்னே, அவ்வளவுதான்!

தெயோஃபில்: அந்த ரெண்டு குச்சியும் நன்றி சொல்லியும் பிழைச்சுதே!

பெலாஜியா: குச்சி பிழைச்சிருக்கலாம். இந்த விஷயத்துல நான் துணிஞ்சு பார்க்கத் தயாரா இல்ல.

தெயோஃபில்: கையில முத்தம்?

பெலாஜியா: அது... மரியாதைன்னு நீயே சொன்னியே. மெதுவா. மீசை.

தெயோஃபில்: ஆனா கிங்கா? நாளைக்கு வண்டியோட வந்து நிப்பாளே. அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லுவே? எப்படிச் சொல்லுவே?

பெலாஜியா: நாளைக்கு அவ சாப்பாட்டுக்குத்தான் வர்றா. உனக்கும் சேர்த்துத்தான் வாத்து வாங்கி வெச்சிருக்கேன். நீ அந்தத் தாலாட்டை வாசிச்ச அன்னிக்கே, கோயில்லேருந்து வந்ததும் வராததுமா ஃபோன் பண்ணி, வரலைடி மகளேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். மறுநாள்தான் வேலிக் கம்பியை அறுத்தேன்.