இறங்கிய சர்க்கரையும் ஏறிய கப்பலும்

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முதல் வரிசையை நிறைத்து, முதுமையையும் முறுவலையும் ஒருசேரச் சுமந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே எந்தக் கூட்டத்துக்கும் வந்து சேரும் என் அன்புத் தாய்மார்களே! மனைவி கூப்பிட்டதால் வந்தோம் என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டிருக்கும் ஐயாமார்களே! மேசைமேல் மூடிவைத்த தட்டைத் தவிர வேறெதையும் பார்க்க மறுக்கும் குழந்தைச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

உங்களில் பாதிப்பேரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் விரல் நுனி தெரியும்! பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள் நான். 'ஊசியக்கா' என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் அழைப்பதும் தெரியும். தெருவில் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் தாண்டிப்போகிறவர்கள், இன்று வேறு வழியின்றி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், ஊசியைக் கொண்டுவரவில்லை.

'இல்லத்தில் நல்லுணவு' என்பது எனக்குத் தந்த தலைப்பு. நல்லுணவுக்கு இன்று என்ன குறை? குறிப்புக்கா குறை? கைபேசியைத் தொட்டால் கீரை, தள்ளினால் கிழங்கு, தட்டினால் தானியம்! எண்ணெயில்லாத வறுவல் என்கிறார்கள், சர்க்கரையில்லாத இனிப்பு என்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாளில் சாப்பாடே இல்லாத சாப்பாடு என்பார்கள். குறிப்புகள் கோடி இருக்கின்றன. அவற்றைப் பார்த்து மூட்டிய அடுப்புகள் எத்தனை? சேமித்து வைத்தோம், அடுத்தவருக்கு அனுப்பி வைத்தோம், அப்புறம் கடையிலிருந்து பொட்டலம் வரவழைத்துச் சாப்பிட்டோம். சிரிக்காதீர்கள், நானும் அந்தக் கூட்டத்துப் பேர்வழிதான்!

நான் முதன்முதலில் கைபேசியைப் பார்த்துச் சமைத்த கதையைக் கேளுங்கள். திரையில் ஒரு பெண், "வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள்" என்றாள். வதக்கினேன். பொன்னிறம் வந்தது. அடுத்து என்ன என்று பார்க்கிறேன், வருகிறது சோப்பு விளம்பரம்! விளம்பரம் முடிவதற்குள் பொன் கரியாகிவிட்டது. இரண்டு கையிலும் எண்ணெய். தள்ளிவிடலாம் என்று மூக்கால் தட்டினேன். பக்கத்தில் நின்ற என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா, மூக்கால தட்டாதம்மா! சோப்பை ஆர்டர் பண்ணித் தொலைச்சிடப் போற!" என்றாள்.

அதுவரை பொட்டலத்திலும் ரொட்டியிலும் காலம் தள்ளிய நான் ஏன் அன்று அடுப்படிக்குப் போனேன்? அங்கேதான் வருகிறது, அவையோர்களே, என் வீட்டுக்காரரின் கதை.

அவர் கப்பலில் சமையல்காரர். கடலில் ஒரு கூட்டத்துக்கே ஆக்கிப்போடும் கை, அவர் கை. ஆண்டில் பெரும்பகுதி அவர் அங்கே, நாங்கள் இங்கே. அவர் காலை வணக்கம் அனுப்பும்போது எங்களுக்கு மாலை. நாங்கள் பதில் அனுப்பும்போது அவருக்கு அலைவரிசை இருக்காது. விடுப்பில் வருவார். வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு நீலத் தகர டப்பாவை எடுப்பார். துறைமுகத்துக்குத் துறைமுகம் வாங்கிச் சேர்த்த சாக்லேட்! பாதியை வழியிலேயே தின்று தீர்த்திருப்பார், அது வேறு விஷயம். மீதிப் பாதியின் வாசனை வீடு முழுக்கப் பரவும். என் மகளுக்குச் சாக்லேட் வாசனை என்றால் அப்பா வந்துவிட்டார் என்று பொருள். எனக்கும் அப்படித்தான், ஆனால் நான் வெளியே சொன்னதில்லை.

போன முறை விடுப்பு முடிந்து கிளம்பும் நேரம். கப்பலேறும் முன் உடல் தகுதி பார்ப்பார்கள். பார்த்தார்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எகிறி நின்றது. நாளெல்லாம் ருசி பார்த்த நாக்கும், பாதி காலியான டப்பாவும் சேர்ந்து செய்த வேலை! "மூணு மாசம் கழிச்சு வாங்க. குறைஞ்சிருந்தா ஏறுங்க. குறையலேன்னா கப்பலை மறந்துடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் இடிந்துபோய் வந்து உட்கார்ந்தார். நான் என்ன செய்தேன்? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சரியாயிடும், விடுங்க" என்றேன். உள்ளுக்குள்ளோ, தாய்மார்களே, கும்மாளம்! மூன்று மாதம்! என் புருஷன் என் வீட்டில், என் கண்ணெதிரே, முழுசாய் மூன்று மாதம்!

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்? வாசலில் ஒரு பெரிய ஜோடிச் செருப்பு. குளியலறையில் எப்போதும் ஈரமான துண்டு. காலையில் இரண்டாவது தேநீர்க் குவளை. நான் வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போது எங்கள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும். விளக்கு எரிகிற வீட்டுக்குத் திரும்புகிறவர்களே, உங்களுக்கு அதன் அருமை தெரியாது! பக்கத்து வீட்டில் விட்ட மகளை அழைத்து வந்து, பூட்டைத் திறந்து இருட்டுக்குள் கையை நீட்டி ஸ்விட்சைத் தேடுகிறவளைக் கேளுங்கள், அவள் சொல்வாள்.

அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். "ஊருக்கெல்லாம் நீங்க சமைச்சது போதும், உங்களுக்கு நான் சமைக்கிறேன்" என்றேன். காய் பாதித் தட்டு, பருப்போ முட்டையோ மீனோ கால் தட்டு, சோறு கால் தட்டு. "என்னம்மா இது, தட்டுல சோத்தைத் தேட வேண்டியிருக்கு" என்பார். "தேடுங்க, கண்ணுக்கும் பயிற்சி" என்பேன். சாப்பிட்டதும் மூன்று பேரும் தெருவைச் சுற்றி நடப்போம். அவருக்கு நிலத்தில் நடக்கத் தெரியாது, கப்பல் தளத்தில் நடப்பது போலக் காலை அகட்டி அகட்டி வைப்பார். மகள் பின்னாலேயே அதேபோல் நடந்து காட்டுவாள்.

ஞாயிறு காலையில் சமையல் மேசையில் அவர் விரலை நானே குத்துவேன். ஊரார் எண்ணைச் சட்டென்று எழுதிக்கொள்கிறவள், அவர் எண்ணைப் பார்க்க மட்டும் தயங்குவேன். ஏன் தெரியுமா? எண் இறங்கிக்கொண்டே வந்தது! நான் சமைத்த கீரை இறக்கியது, நான் குறைத்த சோறு இறக்கியது, நாங்கள் நடந்த நடை இறக்கியது. எண் இறங்க இறங்க அவர் முகம் மலர்ந்தது. எண் இறங்க இறங்கக் கப்பல் என் வாசலுக்கு நெருங்கி வந்தது. என் கையாலேயே, என் கரண்டியாலேயே, என் கணவரை நான் வழியனுப்பிக்கொண்டிருந்தேன்! இப்படி ஒரு கொடுமை உண்டா, சொல்லுங்கள்!

என்ன, தலைவர் அவர்களே, கை மணிப்பக்கம் போகிறதே? அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் அதில்தான் குத்தப்போகிறேன். எடுத்துவிட்டீர்களா? நன்றி.

மறுபரிசோதனை நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாக்லேட் இல்லாமல் மனிதர் வாடிப்போயிருந்தார். வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நானும் மகளும் இறங்கினோம். கைபேசியில் அவளே குறிப்பைத் தேடி எடுத்தாள். கொக்கோத் தூள், பொடித்த பாதாம், உருக்கிய தேங்காய் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, இனிப்புக்கு மசித்த பேரீச்சம்பழம் கொஞ்சம். கொஞ்சம்தான்! பழம்தானே என்று அள்ளிப்போடுகிற ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள், பழத்திலும் சர்க்கரை உண்டு என்பதை உங்கள் ரத்தம் எனக்குச் சொல்லிவிடும். எல்லாவற்றையும் குழைத்துத் தட்டில் பரப்பினால் முடிந்தது. திரையை மேலே தள்ளினாள் மகள். கீழே இன்னொரு முறை இருந்தது. அதே சாக்லேட், ஆனால் பேரீச்சம்பழத்துக்குப் பதில் இரண்டு குவளைச் சர்க்கரை.

அவள் மெல்லக் கேட்டாள்: "அம்மா, நாம தினம் இதைச் செஞ்சு குடுத்தா, அப்பா கப்பலுக்குப் போக மாட்டாருல்ல?"

சபையோர்களே, பத்து வயசுப் பிள்ளை கேட்டுவிட்டாள். அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான். என் மனசிலோ அது பல நாளாக ஓடிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் சர்க்கரை டப்பா இருந்தது. என் கை அதை இறக்கியது. மூடியைத் திறந்தது. கரண்டியை உள்ளே விட்டது.

அப்போது வாசற்படியில் ஒரு குரல்: "போட்டுடு."

திரும்பினேன். அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "போட்டுடு, நான் சாப்பிடறேன். தேறலேன்னா போக வேண்டாம். அவ்வளவுதானே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

ஒரு கரண்டி! ஒரே ஒரு கரண்டி, அதற்கு அடுத்த நாள் இன்னொரு கரண்டி, என் கணவர் எனக்கு! போட்டேனா? எனக்கு என் கூடத்து நாற்காலி நினைவுக்கு வந்தது. நடந்து வந்தவர்கள் ஒருநாள் கால் கட்டோடு வருவார்கள். அப்புறம் ஒருவர் தாங்கிப் பிடிக்க வருவார்கள். அப்புறம் என் முகம் தெரியாமல், குரலை வைத்து, "ஊசியக்காவா?" என்று கேட்பார்கள். அதையெல்லாம் தினம் தினம் பார்க்கிறவள் நான். கப்பல் கொண்டுபோனால் திரும்பக் கொண்டுவரும். சர்க்கரை கொண்டுபோனால், யார் கொண்டுவருவார்?

கரண்டியைப் போட்டுவிட்டேன், டப்பாவுக்குள்ளேயே. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருக்கணும்னு ஆசை இருந்தா உங்க வாயால இருக்கேன்னு சொல்லுங்க. இந்தக் கரண்டி மேல பழியைப் போடாதீங்க" என்றேன்.

அவர் பேரீச்சம்பழக் கிண்ணத்தை எடுத்து, கொட்டை நீக்கி, என் பக்கத்தில் நின்று மசிக்க ஆரம்பித்தார். மூன்று பேரும் சேர்ந்துதான் அந்தச் சாக்லேட்டைச் செய்தோம்.

பரிசோதனையில் தேறினார். "என்ன செஞ்சீங்க, இவ்வளவு நல்லா குறைஞ்சிருக்கு?" என்று மருத்துவர் கேட்டாராம். "வீட்டுச் சாப்பாடு" என்றாராம். நீலத் தகர டப்பாவில் எங்கள் சாக்லேட்டை நிறைத்துக் கொடுத்தேன். காலங்காலமாய்ப் பாதி காலியாய் வந்த டப்பா, முதல்முறையாய் நிறைந்து போனது. தெருமுனை வரை மகள் அவரோடு அகட்டி அகட்டி நடந்தாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அன்று வேலை முடிந்து தெருமுனை திரும்பியபோது ஜன்னல் இருட்டாக இருந்தது.

கொஞ்ச நாளில் செய்தி வந்தது: "டப்பா காலி. நான் ரெண்டுதான் தின்னேன், மீதியெல்லாம் இங்க உள்ள பசங்க." அவர் சொன்னதில் பாதியைத்தான் நம்பினேன். செய்முறை கேட்டார். நானே செய்து காட்ட, மகள் படம்பிடித்து அனுப்பினாள். கேட்டீர்களா விந்தையை? கைபேசியைப் பார்த்து வெங்காயத்தைக் கருக்கியவள், கடல் கடந்து கைபேசியில் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன், அதுவும் ஒரு சமையல்காரருக்கு! போன வாரம் மறுபடி எழுதினார்: "எல்லாம் நீ சொன்ன அளவுதான் போட்டேன். நம்ம வீட்டு ருசி வரல. என்ன விட்டுப்போச்சுன்னு தெரியல."

அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், அவையோர்களே. வாயால் சொல்லுங்கள் என்று அவரிடம் வீராப்பாய்க் கேட்டேனே, நான் சொன்னேனா? 'போகாதீர்கள்' என்று என் வாயால் ஒரு நாளாவது சொன்னேனா? நாளைக்குக் கடலை நினைத்து அவர் ஒரு பெருமூச்சு விட்டால் அது என்மேல் விழுமே என்று பயந்தேன். என் பயத்துக்குக் கௌரவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இதோ, அப்பாவுக்கு அனுப்புவதற்காகக் கைபேசியில் என்னைப் படம்பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என் மகள். ஆட்டாமல் பிடி, கண்ணு. மேடைத் தமிழ் போதும். பெரியவங்க மன்னிக்கணும், நான் என் வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் பேசிக்கிறேன்.

ஏங்க, நான்தான். கரண்டி மேல பழி போடாதீங்கன்னு உங்களைச் சொன்னேன். நான் மட்டும் என்னத்தைச் சொல்லிக் கிழிச்சேன்? இப்ப இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். போதுங்க. இந்தத் தடவை வந்தா, இருங்க. சீக்காளியா இருக்க வேண்டாம், நல்ல உடம்போட இருங்க. ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி சமையல்கட்டுல ஆள் வேணும்னு அட்டை தொங்குது. நீங்க இங்க இருக்கும்போதே தொங்கிச்சு, நான்தான் சொல்லல. நேத்தும் போய்ப் பார்த்தேன், இன்னும் தொங்குது. என்ன விட்டுப்போச்சுன்னு கேட்டீங்கல்ல? ஒண்ணும் விட்டுப்போகல. நாங்க பக்கத்துல இல்ல, அவ்வளவுதான். வாங்க.

யாரது பின்வரிசையில் மூக்கை உறிஞ்சுவது? அழுதால் சர்க்கரை குறையாது ஐயா, நடந்தால்தான் குறையும்.

தலைவர் அவர்களே, இனி நீங்கள் மணி அடிக்கலாம். அழைத்த சங்கத்துக்கும், அடுப்பை மறந்து அமர்ந்திருந்த தாய்மார்களுக்கும், ஊசி போட்டவள் பேச்சையும் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. தட்டைத் திறந்துவிட்டேன் குழந்தைகளே, எங்கள் வீட்டுச் சாக்லேட்தான், ஆளுக்கு ஒரு துண்டு. பெரியவர்களுக்கும் ஒன்றுதான், இரண்டாவதை எடுப்பவர்களை நான் கூடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். தின்று முடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போங்கள். உங்களுக்காக யாராவது விளக்கைப் போட்டு வைத்திருப்பார்கள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வணக்கம்.